கண்ணடி பட்ட கம்ப்யூட்டர்

கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக்கூடாது என்பார்கள். நம்பாதவர்கள் என்னிடம் வரலாம். ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டரைப் பார்த்துப் பார்த்தே படுக்க வைத்தவன் நான்.

தொண்ணூறுகளில் மலேசியாவின் ஜார்ஜ்டவுனில் ஒரு ஷிப்பிங் ஏஜென்ட் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கப்பலில் வரும் சரக்கின் விவரமெல்லாம் ஒரு சர்வர் கம்ப்யூட்டரில் இருந்தது. அதிலிருந்து டெலிவரி ஆர்டர் அச்சடித்துக் கொடுத்தால்தான், லாரிக்காரர்கள் பாலம் தாண்டி பட்டர்வொர்த் துறைமுகம் போய்ச் சரக்கை எடுக்க முடியும். சர்வர் என் பொறுப்பு. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

நிரந்தரக் கடிதம் வந்த பிறகுதான் பரிசம் என்று பட்டர்வொர்த் பக்கம் பாகான் டாலாமில் ஒருவர் சொல்லியிருந்தார். பெயர் மாணிக்கம். அவர் மகள் சாந்தியைத்தான் எனக்குப் பேசியிருந்தார்கள். அவருடைய தொழிலோ லாரி. எங்கள் கவுண்டருக்கு அவர் வராத நாளே கிடையாது. மாப்பிள்ளையை வேலையிடத்திலேயே நோட்டம் விடுகிற வசதி எந்த மாமனாருக்குக் கிடைக்கும்? (அவர் தலை தெரிந்தாலே நான் மேஜைக் காகிதங்களை அடுக்க ஆரம்பித்துவிடுவேன்.)

ஒரு மாதக் கடைசியில் சர்வர் கொஞ்சம் மெதுவாக ஓடியது. கணக்குப் பிரிவில் பெரிய ரிப்போர்ட் எடுத்தார்கள்; அதனால்தான். மறுநாள் தானாகச் சரியாகியிருக்கும். ஆனால் தவுக்கே, அதாவது எங்கள் சீன முதலாளி, தன் அறைக் கதவைத் திறந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

சர்வருக்குள் யார் யார் இருக்கிறார்கள், என்ன செய்கிறார்கள், யாருக்காக யார் காத்திருக்கிறார்கள் என்று கேட்டுத் திரையில் காட்டும் சிறிய புரோகிராம் ஒன்றை எழுதினேன். முதலில் அது நிமிஷத்துக்கு ஒருமுறை கேட்டது. அந்த ஒரு நிமிஷத்துக்குள் என்ன ஆகுமோ என்ற பயத்தில், விநாடிக்கு ஒருமுறை என்று மாற்றினேன். பாத்ரூம் போகும் வழியிலும் கண்ணில் பட வேண்டுமே என்று, ஆபீஸில் சும்மா இருந்த திரைகளிலெல்லாம் அதை ஓடவிட்டேன். சந்தேகப் பட்டியலில் என் பெயர் எதற்கு என்று, அதை மட்டும் மறைத்துவைத்தேன். (போலீஸ்காரனே திருடனாக இருப்பானா?)

சர்வர் இன்னும் மெதுவானது. நான் இன்னும் உற்றுப் பார்த்தேன்.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை காலை அது கிட்டத்தட்ட நின்றேவிட்டது. ஜும்ஆ தொழுகைக்காக கஸ்டம்ஸ் கவுண்டரை மூடுவதற்குள் காகிதம் போய்ச் சேர வேண்டும். இல்லையென்றால், சாயங்காலம் திறந்தாலும் வரிசை முடியாது; சரக்கு திங்கட்கிழமை வரை துறைமுகத்திலேயே கிடக்கும். எங்கள் கவுண்டரில் லாரிக்காரர்கள் கூட்டம். முன்னால் நின்றவர் மாணிக்கம்.

"தம்பி, நானும் தொழுகைக்குப் போவணும்லா. ஒரு பில்லு இன்னும் வெளிய வரல" என்றார் பில் போடும் ஹமீது அண்ணன்.

"நேத்து எலுமிச்சம்பழம் சுத்திப் போடுறேன்னு சொன்னேன். கேட்டியா நீ?" என்றார் டைப் அடிக்கும் லெட்சுமி அக்கா.

தவுக்கே வந்து என் பின்னால் நின்றார். அவர் மூச்சு என் கழுத்தில் பட்டது. சர்வரை விற்ற கம்பெனியின் ஆளுக்குக் கோலாலம்பூருக்குப் போன் போட்டேன். எல்லாரையும் ஒவ்வொருவராக சர்வரிலிருந்து வெளியேறச் சொல், யார் போனதும் வேகம் வருகிறதோ அவர்தான் குற்றவாளி என்றார் அவர்.

ஹமீது அண்ணன் வெளியேறினார். வேகம் வரவில்லை. லெட்சுமி அக்கா வெளியேறினார். கணக்குப் பிரிவு முழுவதும் வெளியேறியது. கடைசியில் என் திரையில் ஒரு பெயரும் இல்லை. ஆனால் சர்வர் மட்டும் கரகரவென்று அரைத்துக்கொண்டே இருந்தது.

"ஆளே இல்லாம எப்படி தம்பி ஓடுது?" என்று அக்கா நெஞ்சில் கை வைத்தார். உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் பேய் என்றே முடிவுகட்டிவிட்டேன்.

போனில் இருந்தவர், என் புரோகிராமை விட்டுவிட்டு, சர்வரின் சொந்தத் திரையில் அதற்கே உரிய கட்டளையைக் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். வரிசையாக ஒரே பெயர் இறங்கியது. தயா. தயா. தயா. திரை நிரம்பிய பிறகும் இறங்கியது.

"சியாப்பா இனி?" என்றார் தவுக்கே. (யார் இது?)

நான் தயாளன். ஆபீஸில் வேறு தயா கிடையாது.

ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொல்ல, சர்வர் தன் வேலையை விட்டுவிட்டுத் தலை எண்ண வேண்டியிருந்திருக்கிறது. பாவம், வேலை செய்ய அதற்கு நேரமே கொடுக்கவில்லை நான். திரை திரையாக ஓடி அத்தனையையும் அணைத்தேன். சர்வர் அமைதியானது. பிரின்டர் மடமடவென்று காகிதத்தைத் தள்ளியது.

மாணிக்கம் தன் காகிதத்தை வாங்கிக்கொண்டு கேட்டார்:

"தம்பி, கோவிச்சுக்காதீங்க. நீங்க பாக்கலன்னா அது நல்லா ஓடுமா?"

"ஓடும், அங்கிள்."

"அப்ப பாக்காதீங்கலா."

வேலையும் போச்சு, பெண்ணும் போச்சு என்று உட்கார்ந்திருந்தேன். இரண்டும் போகவில்லை. புது சர்வர் வாங்க வேண்டியிருக்குமோ என்று தவுக்கே கலங்கிப்போயிருந்தாராம். கோளாறு ஆளில்தான் என்று தெரிந்ததும் அவருக்கு ஒரே சந்தோஷம். மாணிக்கமோ வீட்டுக்குப் போய், "பயந்த பையன். குடும்பத்த நல்லா பாத்துக்குவான்" என்று சொல்லியிருக்கிறார்.

சாந்தியைக் கட்டிய நாள் முதல் எங்கள் வீட்டில் சோறு வேக நேரமானால் என்னைத்தான் அடுப்படியிலிருந்து விரட்டுவார்கள். மகள் பிறந்தபோது நர்ஸை நச்சரித்த என்னை, மாணிக்கம் மாமா காப்பிக் கடைக்கு இழுத்துப் போனார். நான் பாதிக் காப்பி குடிப்பதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. அவருக்கு அதற்குமேல் ஆதாரம் தேவைப்படவில்லை.

போன வருஷம் மாமாவுக்கு இருதய ஆபரேஷன். (இப்போது நன்றாக இருக்கிறார். நேற்றுகூட என் கார் ஓட்டும் லட்சணத்தைத் திட்டினார்.) கட்டிலுக்கு மேலே ஒரு திரை. அதில் அவர் இருதயம் பச்சைக் கோடாகத் துள்ளிக்கொண்டிருந்தது. அப்பா இல்லாத எனக்கு இத்தனை வருஷமாக அவர்தான் எல்லாம். அந்தக் கோட்டிலிருந்து கண்ணை எடுக்க எனக்குப் பயமாக இருந்தது.

அவர் மெல்லக் கண் திறந்தார். என்னைப் பார்த்தார். திரையைப் பார்த்தார்.

"மாப்ள... வெளிய போங்கலா. நீங்க பாத்தா ஸ்லோ ஆயிடும்."

அதில் ஒரு விஞ்ஞானமும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் எழுந்து வெளியே போய், சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன்.