அசையாதே சாரும் என் வீட்டு மாடியும்

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரைக்கும், ஒரு தெருவையே மூச்சுப் பிடித்து நிற்க வைத்த மனிதர் ஒருவர்தான். அமைச்சர் வந்தால்கூட நம் ஜனம் அப்படி நிற்காது. அவர் கையில் லத்தி இல்லை, பெரிய பதவியும் இல்லை. ஒரு லேப்டாப், ஒரு சுருள் கேபிள், ‘அசையாதே’ என்ற ஒரு சொல், அவ்வளவுதான். அதனால் அவர் எங்களுக்கு அசையாதே சார்.

நிலநடுக்கம் வந்தால் எந்த இடம் எவ்வளவு ஆடும் என்று மண்ணைச் சோதிப்பது அவர் தொழில். சின்னச் சின்னக் கருவிகளைத் தரையில் வரிசையாகக் குத்தி வைப்போம். ஓர் ஓரத்தில் இரும்புத் தகட்டைப் போட்டுச் சம்மட்டியால் ஓங்கி அடிக்க வேண்டும். அந்த அதிர்வு மண்ணுக்குள் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று கருவி சொல்லும். கெட்டித் தரையில் பறக்கும், பொதபொத மண்ணில் நொண்டும். நொண்டுகிற இடத்தில்தான் வீடு அதிகம் ஆடும். சம்மட்டி அடிப்பது நான். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இந்த அளவு விஞ்ஞானம் எனக்குப் பயப்படத் தாராளமாகப் போதும்.

பக்கத்தில் யார் நடந்தாலும் அந்தக் காலடியும் கருவியில் விழுந்துவிடும். சாருக்கு அதுதான் ஆகாது. மாமல்லபுரத்தில் பட்டறை பட்டறையாகப் போய்க் கும்பிட்டு, சிற்பிகளின் உளிகளை நிறுத்தினார். தெரு அடங்கியது. நான் சம்மட்டியைத் தூக்கினேன். ஒரு காளை மாடு நிதானமாக நடந்து வந்தது. சார் அதனிடமும் மரியாதை குறையாமல், “அண்ணாத்த, ஒரு நிமிசம் நில்லு” என்றார். மாடு நின்றது. அதைப் பார்த்துப் பின்னால் வந்த வெள்ளைக்காரரும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டார். வேலை முடிந்து மாடு போன பிறகும் அவர் நின்றுகொண்டிருந்தார்.

மதுராந்தகத்துப் பக்கம் ஒரு வயலில் வேறு மாதிரி. கேபிளைப் பார்த்ததும், ரோடு போட நிலத்தை எடுக்க வந்துவிட்டார்கள் என்று ஓர் அம்மா முடிவு கட்டிவிட்டார். நாங்கள் டீ குடித்துத் திரும்புவதற்குள் அத்தனை கருவிகளையும் வேர்க்கடலைச் செடி மாதிரி பிடுங்கிக் கூடையில் போட்டிருந்தார். சார் கூடைக்குள் எட்டிப் பார்த்தார். “ஒண்ணுகூட ஒடையலம்மா. எங்க பசங்களுக்கு இப்படிப் பிடுங்க வராது” என்றார். அப்புறம் அவரை உட்கார வைத்து, லேப்டாப்பில் அதிர்வு நெளிவதைக் காட்டினார். அன்று முழுக்க எங்களுக்குக் காவல் அந்த அம்மாதான். வரப்பில் வந்த சொந்தப் புருஷனையே நடுவழியில் நிறுத்திவிட்டார்.

இப்படி ஊர் மண்ணையெல்லாம் அடித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் எனக்குச் சோறு இறங்காது. கேளம்பாக்கத்தில் என் வீடு, பள்ளத்தில் மண் கொட்டி மேடாக்கிய மனையில் இருக்கிறது. அதன் மேல் மாடி கட்டித் தங்கச்சி குடும்பத்தைக் குடிவைப்பதாக வாக்குக் கொடுத்திருந்தேன். அவர்களை வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லியாயிற்று. செங்கல்லும் வந்து இறங்கிவிட்டது. வீடு ஆடாது என்று மேஸ்திரி சொன்னார். அவர் சொன்ன விதத்திலேயே எனக்கு ஆடியது.

சாரிடம் புலம்பினேன். ஆபீசில் கேட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கருவிகளோடு வந்துவிட்டார். வீடு வீடாகப் போய் மிக்சி, வாஷிங் மெஷின் எல்லாவற்றையும் நிறுத்தினார். ஒரு ஷேர் ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து, “இன்னா சார், பாம் கீம் வச்சிகினு கீறீங்களா?” என்றார்.

“இல்ல அண்ணாத்த. இவன் வூட்டுக்கு ஈசிஜி எடுக்கிறேன்.”

ஆட்டோக்காரர் பயபக்தியோடு இன்ஜினை நிறுத்தினார். நான் அடித்தேன். அலை நொண்டியது. தள்ளிப் போய் அடித்தேன். அங்கேயும் நொண்டியது. தங்கச்சி கைப்பிள்ளையோடு வாசலில் நின்று என் முகத்தையே பார்த்தாள். நான் சம்மட்டியைக் கீழே வைத்தேன். சார்தான் அவளிடம் நேராகப் போனார்.

“மாடி வேணாம்மா. கீழ மண்ணு ரொம்ப மெத்துனு கீது. இவன் போட்ட அஸ்திவாரம் தாங்காது.”

“அப்போ நாங்க எங்க சார் போவோம்?”

சார் கேபிளைச் சுருட்ட ஆரம்பித்தார். பாதி சுருட்டிவிட்டு நிறுத்தினார்.

“செங்கல்பட்டுல என் வூடு பாறை மேல கீது. மாடி சும்மாதான் கெடக்குது. வந்து இரு.”

“புள்ளைங்க குதிக்கும் சார்.”

“குதிக்கட்டும். பாறைக்கு இன்னா?”

தங்கச்சி இப்போது அங்கேதான் இருக்கிறாள். என் வீடு மாடி இல்லாமல் அப்படியே நிற்கிறது. என் பயமும் அப்படியேதான். பூமி என்றைக்காவது ஆடினால், பாறை மேல் இருப்பவருக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் முதல் போன் அவருக்குத்தான் போடுவேன்.