நைனாவின் வண்டி குன்னூர் ஏறிய விவரம்

குன்னூர்
9-2-1994, புதன் மாலை

மதிப்பிற்குரிய நைனாவுக்கு இளைய மகள் ரங்கநாயகி வணங்கி எழுதுவது. இங்கே நான், பத்மா அக்கா, அக்கா வயிற்றில் இருக்கும் சிறிசு, உங்கள் வண்டி ஆகிய நால்வரும் சுகம். அங்கே உங்கள் சுகத்துக்கும், காலையில் மோட்டார் சைக்கிள் நிற்கும் இடம் காலியாக இருந்ததைப் பார்த்து வந்த கோபம் இப்போது எந்த அளவில் இருக்கிறது என்பதற்கும் பதில் போடவும்.

முதலில் ஒன்று. இதில் அம்மாவுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. அவர் தக்காளிச் சோறு கட்டிக் கொடுத்தார், உங்கள் கோட்டை எனக்கு மாட்டிப் பொத்தான் போட்டுவிட்டார், நீங்கள் குளிக்கப் போய்விட்டீர்களா என்று எட்டிப் பார்த்துவிட்டு வந்து வண்டியைத் தெருமுனை வரை தள்ளினார். மற்றபடி அவருக்கு ஒன்றும் தெரியாது.

தலை தீபாவளிக்கு வந்தபோது பாலகோபால் பாவா நம் வீட்டு வாசலில் நின்று, "வண்டி நல்லா இருக்குதுங்க மாமா. ஆனா எங்க மலை ஏறாதுங்க" என்றார். அவர் விளையாட்டுக்குத்தான் சொன்னார். நீங்கள் கையில் எடுத்த அதிரசத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டீர்கள். அன்றிலிருந்து, "மாப்பிள்ளை வந்து கூப்பிடட்டும், அப்புறம் அந்த ஊருக்கு வாரேன்" என்கிறீர்கள். பாவாவோ, "தலைப் பிரசவத்துக்குப் பெத்தவங்கதான் பழம் பூவோட வந்து அழைக்கோணும், நானே கொண்டாந்து உட்டா எங்க ஊட்டுல என்ன நினைப்பாங்க" என்கிறார். இரண்டு பேருமே ஒருவருக்கொருவர் 'ங்க' போட்டுத்தான் சண்டை பிடிக்கிறீர்கள். அதனால் அது சண்டை என்றே வெளியில் யாருக்கும் தெரியவில்லை. இதற்கு நடுவில் அக்காவுக்கு எட்டு மாதம் முடியப்போகிறது. ஒன்பது பிறந்துவிட்டால் இந்த வளைவுகளில் இறங்கக் கூடாது, ஞாயிற்றுக்கிழமைக்குள் அம்மா வீட்டுக்குப் போய்விடு என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாராம். போன வாரம் அக்கா போட்ட கடிதத்தில் ஓரமாகப் பொடி எழுத்தில் அதை எழுதியிருந்தாள். நீங்கள் ஓரம் படிப்பதில்லை. நான் படித்தேன். அம்மாவும் படித்தார், அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். அதனால்தான் கிளம்பினேன்.

பஸ்ஸில் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். பஸ் என்றால் கண்டக்டரிடம் ஊர்ப் பெயரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். மேட்டுப்பாளையத்தில் இறங்கி எந்தப் பஸ் என்று யாரையாவது கேட்க வேண்டும். ஒன்பதாவதில் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னதற்கே பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். வண்டியில் போனால் யாரிடமும் பேச வேண்டாம். பையன் இல்லாத வீடு, அவசரத்துக்கு ஆகும் என்று ஞாயிறுதோறும் மில் மைதானத்தில் ஓட்டக் கற்றுக் கொடுத்ததும் நீங்கள்தான். இது அவசரம்தானே நைனா?

பெரியநாயக்கன்பாளையம் தாண்டி மேட்டுப்பாளையம் வரை ஒரு குறையும் இல்லை. கோட்டும் ஹெல்மெட்டும் போட்டிருந்ததால் எல்லோரும் என்னைப் பையன் என்றே நினைத்தார்கள். பிறந்ததிலிருந்து இவ்வளவு நிம்மதியாக நான் ஒரு கடைவீதியைக் கடந்ததில்லை. கல்லாறு தாண்டியதும் மலை ஆரம்பித்தது. முதல் வளைவு, இரண்டாவது வளைவு எல்லாம் வண்டி உறுமிக்கொண்டு ஏறியது. மூன்றாவதில் மேலிருந்து ஒரு பஸ் வந்தது. பெரியவர்கள் எதிரில் வந்தால் ஒதுங்கி வழிவிடுவதுதான் நம் வீட்டுப் பழக்கம், ஒதுங்கி நின்றேன். பஸ்ஸும் நின்றது. டிரைவர் 'வா' என்று கையைக் காட்டினார். நான் 'நீங்கள் போங்கள்' என்று காட்டினேன். அவர் மறுபடி காட்டினார், நானும் காட்டினேன். எனக்குப் பின்னால் இரண்டு லாரி, ஒரு கார். அவர் தலையை வெளியே நீட்டி, "ஏனுங் தம்பி, மலையில ஏறுற வண்டிக்குத்தான் முதல் வழி! நீ நின்னா நான் நிக்கோணும், நான் நின்னா ஊட்டியே நிக்கோணும். வா சாமி, வா!" என்றார். ஜன்னல் ஓரத்து அம்மா ஒருவர், "சத்தம் போடாதீங்க டிரைவரே, மருவாதி தெரிஞ்ச பையன்" என்று எனக்காகப் பேசினார். "மருவாதிய மேட்டுப்பாளையத்துலயே இறக்கி வெச்சுட்டு வரச் சொல்லுங்க அம்மணி!" என்றார் டிரைவர். கடைசியில் நான்தான் போனேன். ஆனால் விதி தெரிந்த பிறகும் மனசு வரவில்லை நைனா. மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள் எல்லோருமே என்னைவிடப் பெரியவர்களாக இருக்கிறார்கள். ஒவ்வொரு வளைவிலும் நின்று நின்றுதான் போனேன்.

பர்லியாறில் டீக்கடைக்காரர், "தம்பி, டீயா?" என்றார். வேண்டாம் என்றால் பேச வேண்டியிருக்கும் என்று தலையை ஆட்டிவிட்டேன். டீ வந்தது. ஹெல்மெட்டைக் கழற்றினால் சடை விழுந்துவிடும், கழற்றாமல் குடிக்க முடியாது. ஆறும்வரை கையில் வைத்திருந்துவிட்டுக் காசைக் கொடுத்துத் திரும்பினால், நீங்கள் அழைத்ததாகச் சொல்லி அக்காவுக்குக் கொடுக்கலாம் என்று நான் கொண்டுவந்த ஒரு சீப்பு வாழைப்பழத்தையும் ஒரு குரங்கு வண்டி சீட்டில் உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தது. 'ச்சூ' என்று சொல்லக்கூட வாய் வரவில்லை. அது சாப்பிட்டு முடித்து, சீட்டைவிட்டுத் தானாக இறங்கும்வரை பக்கத்தில் நின்றேன். குழந்தையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்தது, போகட்டும்.

எப்படியோ பதினாலு வளைவும் முடிந்து பதினொரு மணிக்கு உங்கள் வண்டி அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றது. அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து, "யாருங்க வேணும்?" என்றாள். ஹெல்மெட்டைக் கழற்றினேன். அப்படியே படியில் உட்கார்ந்து சிரித்தாள், அப்புறம் என்னைக் கிட்டே இழுத்துக் கோட்டை மோந்து பார்த்தாள். "நைனா வாசம்டி" என்றாள். அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

ஆகையால் நைனா, வண்டி ஏறிவிட்டது. பாவா சொன்னது தப்பாகிவிட்டது. ஜெயித்தவர் ஒரு எட்டு முன்னால் வைத்தால் குறைந்துபோக மாட்டார். ஞாயிற்றுக்கிழமைக்கு முன் வந்து அக்காவை அழைத்துப் போங்கள். உங்கள் பாதங்களுக்கு என் நமஸ்காரம். அம்மாவுக்கு என் அன்பும், தக்காளிச் சோற்றில் உப்பு சரியாக இருந்தது என்ற செய்தியும்.

இப்படிக்கு,
அடி வாங்கத் தயாராக இருக்கும்
ரங்கநாயகி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் நீங்களே பஸ் பிடித்து வந்துவிட்டீர்கள். அம்மா பத்து நிமிஷம்தான் தாங்கினாராம், நீங்கள் மத்தியானம் வரை தாங்கினீர்களாம். இப்போது முன்னறையில் பழப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள், அழைக்கிற வார்த்தையை மட்டும் இன்னும் காணோம்.

வாசலில் பாவா உங்களிடம், "வாங்க மாமா. நான் சொன்னது தப்புங்க. வண்டி ஏறிருச்சுங்க" என்றாரே, அது பொய். நான் மேலே எழுதியதும் பொய். ஒன்பதாவது வளைவில் ஒரு ஜீப்புக்கு வழிவிட்டு நின்றேன். அதற்கப்புறம் எத்தனை உதைத்தும் வண்டி கிளம்பவில்லை. உர மூட்டை ஏற்றி வந்த முத்தலிப் பாய்தான் லாரியை நிறுத்தி, "எங்க தம்பி போகோணும்?" என்றார். வாய் வராமல் அக்கா கடிதத்தில் இருந்த முகவரியைக் காட்டினேன். லாரியிலிருந்து வண்டியை இறக்கியது பாவாதான். என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. உங்களைக் கேட் பக்கம் பார்த்ததும் ஓடிப்போய் சீட்டிலிருந்த உரத்தைத் தம் சட்டையாலேயே துடைத்தார்.

வண்டி மேல் குற்றமில்லை, நிறுத்தி நிறுத்திச் சூடாக்கியது நான். அது மலை ஏறுமா ஏறாதா என்பது இன்னும் ஒருத்தருக்கும் தெரியாது. அதற்குள் பாவா தோற்றுவிட்டதாகச் சொல்லிவிட்டார். அதை நீங்கள் அப்படியே வாங்கி வைத்துக்கொண்டால் எனக்குப் பொறுக்காது. நேரில் சொல்ல வாய் வராததால் இதைக் காபித் தட்டுக்கு அடியில் வைத்து அக்காவிடம் கொடுத்து அனுப்புகிறேன். படித்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம். "கொஞ்சம் திணறித்தான் ஏறியிருக்கும் மாப்பிள்ளை, நீங்க சொன்னதுலயும் தப்பில்லீங்க" என்று மட்டும் சொல்லுங்கள். சொன்ன கையோடு எழுந்து அந்தப் பையை நீட்டிவிடுங்கள். அக்கா மத்தியானமே பெட்டி கட்டிவிட்டாள், பாவாதான் மேலே உட்கார்ந்து மூடிக் கொடுத்தார்.