தைத்து வைத்த லைசென்ஸ்

மோட்டார் வாகனச் சட்டத்தை நான் ஒரு நாளும் மதிக்காமல் இருந்ததில்லை. லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று நாலும் எப்போதும் என் பேண்ட் பையில் இருக்கும். அந்த பேண்ட் வீட்டு ஆணியில் தொங்கும். நான் வேறொரு பேண்ட்டில் வேலூர் ரோட்டில் போய்க்கொண்டிருப்பேன். அவ்வளவுதான் பிரச்சினை.

இரண்டு முறை அபராதம் கட்டிய பிறகு என் மனைவி கலா, "வண்டிக்கு எதுக்கு நம்பர் பிளேட்டு, கழட்டி பேண்ட்டுல மாட்டுங்க" என்றாள். போனில் காட்டினாலே போதும் என்றார்கள். அதற்கான ஓடிபி, நான் எப்போதோ தொலைத்த சிம்முக்குப் போய்க்கொண்டிருந்தது.

அப்போது நான் வேலூரில் ஒரு ஷூ கம்பெனியில் தற்காலிக சூப்பர்வைசர் (திமிர் மட்டும் நிரந்தரம்). மூளை வேலை செய்தது. மிச்சத் தோலில் பைக்குக்கு சீட் கவர் தைத்து, நாலு பேப்பரையும் உள்ளே வைத்துவிட்டால்? வண்டி போகும் இடமெல்லாம் பேப்பரும் போகுமே!

தையல் பிரிவு ராணியக்கா மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். "ஜிப்பு எந்தப் பக்கம் சார் வெக்கறது?"

"ஜிப்பு வெச்சா திருடன் தொறந்துடுவான்க்கா. நாலு பக்கமும் மூடி ரெட்டைத் தையல் போடுங்க."

அக்கா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் தைத்துக் கொடுத்தார்.

இரண்டு மாதம் கழித்து, ஷூ ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு பையர் ஒருவர் எங்கள் ஆம்பூர் ஆபீசுக்கு வந்தார். சாம்பிள் ஷூ முந்தின நாளே மேனேஜர் காரில் போய்விட்டது. வலது கால் மட்டும். (பேக் செய்தது யார் என்று கேட்காதீர்கள்.) பதினோரு மணிக்குள் இடது கால் வராவிட்டால் ஆர்டர் போய்விடும், கூடவே நீயும் போய்விடுவாய் என்று மேனேஜர் போனில் தெளிவாகச் சொன்னார்.

ஒற்றை ஷூவைப் பையில் போட்டுக்கொண்டு பறந்தேன். பள்ளிகொண்டா தாண்டியதும் கை காட்டி நிறுத்தினார்கள். எஸ்.ஐ. பேப்பர் கேட்டார். வாழ்க்கையில் முதன்முறையாக எனக்குப் பயமே இல்லை.

"நாலும் இருக்கு சார்."

"எங்க?"

"அது மேலதான் சார் உக்காந்துனு இருக்கேன்."

"இன்னாய்யா, காலைலயே நக்கலா?"

விளக்கினேன். கூடவே வைத்திருப்பது பாதிச் சட்டம்தான், கேட்டால் எடுத்துக் காட்டுவதுதான் மீதி என்றார். மணி ஒன்பதே முக்கால். பதற்றத்தில், போலீசிடம் யாரும் சொல்லக்கூடாததைச் சொன்னேன். "சார், பையில கத்தி இருக்கு."

இரண்டு கான்ஸ்டபிள்கள் ஆளுக்கொரு பக்கம் வந்து நின்றார்கள். பையைத் திறந்தால், தோல் அறுக்கும் கத்தி (நான் மறக்காமல் எடுத்துப்போகும் ஒரே பொருள்), பக்கத்தில் ஒற்றை ஷூ.

"இன்னொரு காலு எங்க?"

"ஆம்பூர்ல இருக்கு சார்."

அதற்கப்புறம் கம்பெனி அடையாள அட்டையைக் காட்டி, ஷூவின் வரலாறு முழுவதையும் சொல்ல வேண்டியதாயிற்று.

ஒரு கான்ஸ்டபிள் சீட்டைப் பிடிக்க, நான் அறுக்க, மடக்கி நிறுத்தப்பட்ட ஏழெட்டு பைக் ஓட்டிகள் சுற்றி நின்று யோசனை சொன்னார்கள். ராணியக்கா போட்ட தையல் அசைந்து கொடுக்கவில்லை. கடைசியில் தையலை விட்டுவிட்டுத் தோலையே அறுத்தேன். ஸ்பாஞ்சு பறந்தது. பேப்பர்கள் வெளியே வந்தன.

எஸ்.ஐ. ஒவ்வொன்றாகப் பார்த்தார். புகைச் சான்று அன்றைய தேதியோடு முடிகிறது. "இன்னிக்கு செல்லும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"இங்க நிக்கறவங்கள்ல எல்லாப் பேப்பரும் கரெக்டா வெச்சிருக்கறது இவரு ஒருத்தர்தான். பாத்துக்கோங்க."

எனக்கு மாலை மரியாதை கிடைத்த மாதிரி இருந்தது.

பதினொன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஆம்பூர் ஆபீசில் நுழைந்தேன். பின்பக்கம் முழுக்க மஞ்சள் ஸ்பாஞ்சு, ஒரு கையில் இடது கால், மறு கையில் அறுத்த சீட் தோல். பையர் ஷூவை மேசையில் வைத்துவிட்டு, அந்தத் தோலை வாங்கி இரண்டு கையாலும் இழுத்தார். தையல் பிரியவில்லை. ஷூவிலும் இதே தையலா என்று கேட்டார். ஆமாம் என்று மேனேஜர் என்னை முந்திக்கொண்டார்.

ஆர்டர் கிடைத்தது. என் வேலையும் நிரந்தரமானது. புது சீட் கவருக்கு ராணியக்கா என்னைக் கேட்காமலே ஜிப் வைத்தார்.

அன்றிலிருந்து வீட்டில் நான் சாவி, கண்ணாடி எதைத் தேடினாலும் கலா சொல்வது ஒன்றுதான். "மொதல்ல எழுந்திருங்க. அப்பறம் தேடலாம்."

போன வாரம் மகள் லைசென்ஸ் வாங்கி வந்தாள். பத்திரமாக எங்கே வைக்கப் போகிறாய் என்று அக்கறையாகத்தான் கேட்டேன். அவள் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தாள்.