மனிதகுலம் நிமிர்ந்த கதை

மனிதகுலம் தலைநிமிர வேண்டும் என்று பேசாதவர் இல்லை. ஆனால் அதற்கொரு குழு அமைத்து, கோப்பு திறந்து, பன்னிரண்டே வாரத்தில் நிமிர்த்திக் காட்டிய பெருமை அந்த மருத்துவமனையையே சாரும்.

‘கைப்பேசிப் பயனாளர் கழுத்து மேம்பாட்டு ஆய்வு’ என்று அதற்குப் பெயர். நாளெல்லாம் கைப்பேசியில் கவிழ்ந்து கிடப்பவர்களுக்கு இருபது நிமிடத்துக்கொரு முறை அந்தக் கைப்பேசியே மணியடிக்கும். தலையைத் தூக்கிப் பத்து எண்ண வேண்டும். எண்ணியானதும் மறுபடி கவிழ்ந்துகொள்ளலாம், தடையில்லை.

அதே மாடியில் ஒரு சில்லறை ஆய்வும் நடந்தது. எந்த மருந்துக்கும் மசியாத புற்றுநோய்க்கு இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்துப் பார்ப்பது. அதை நடத்திய டாக்டரம்மாவிடம் ஒன்பது நோயாளிகள். அவர்களில் ஒரு தையல்காரருக்குக் கழுத்தில் எலுமிச்சையளவு இருந்த கட்டி, நாலு சுற்று மருந்தில் பட்டாணியாகிவிட்டது.

“மூணு வருஷத்துக்கப்புறம் இப்பத்தாம்மா காலர் பட்டன் போடுறேன்” என்றார் அவர்.

ஐந்தாவது சுற்றுக்கு மருத்துவமனையின் ஆய்வுக் குழு அனுமதி தர வேண்டும். அதற்குள் மருந்தேற்றும் அறையில் கட்டில்களை அகற்றி, நிமிர்ந்த கழுத்துகளைப் பார்க்க நிலைக்கண்ணாடி மாட்டிவிட்டார்கள். நோயாளிகள் நடைவழிக்கு வந்தார்கள். அங்கே காற்றோட்டம் பிரமாதம் என்று மருத்துவமனை இயக்குநரே பாராட்டினார்.

இரண்டு கூட்டங்கள் கழுத்துக்கே சரியாகப் போயின. மூன்றாவதில் டாக்டரம்மாவைப் பேசவிட்டார்கள். குழுவினர் பன்னிரண்டு பேரும் கழுத்து ஆய்வில் தாங்களே பெயர் கொடுத்துச் சேர்ந்தவர்கள். அவருக்குத் தெரிந்ததெல்லாம் பன்னிரண்டு உச்சந்தலைகள். பேச்சை நிறுத்திக் காத்திருந்தார். மணியடித்தது. முகங்கள் எழுந்தன.

“இந்த வாரம் மருந்து ஏத்தலேன்னா கட்டி திரும்ப வளந்துடும். உங்க அனுமதி மட்டுந்தான் பாக்கி.”

பத்து எண்ணி முடித்துக் கவிழ்ந்தார்கள். அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்று இயக்குநர் தன் மடியைப் பார்த்துச் சொன்னார்.

அடுத்த கூட்டம் ஆறு வாரம் கழித்து. தையல்காரர் வாரந்தோறும் நடைவழியில் வந்து உட்கார்ந்தார். அனுமதி இன்று வந்துவிடும், நாளை வந்துவிடும் என்று சொல்லிச் சொல்லி டாக்டரம்மாவுக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கூசியது. காலர் பட்டன் மறுபடி திறந்துகொண்டது. ஐந்தாம் வாரம் அவர் மனைவி மட்டும் வந்து, தினமும் உடம்பின் நிலையைக் குறித்துவைக்கக் கொடுத்திருந்த நோட்டை நீட்டினார்.

“நாள் தவறாம எழுதியிருக்காரும்மா. கடைசி ரெண்டு நாள் நான் எழுதினது.”

அவரோடு சேர்த்து மூன்று பேர் போய்விட்டார்கள்.

கூட்டத்தில் இயக்குநர் மிகவும் வருந்தினார். கழுத்து ஆய்வில் முந்நூறு பேரில் ஒருவர்கூட விலகவில்லையாம்; இதில் ஒன்பதுக்கு மூன்று போனது ஏன் என்று கேட்டார்.

“விலகல சார். செத்துட்டாங்க.”

மணியடிக்காத நேரம், ஒரு தலையும் எழவில்லை. கூட்டக் குறிப்பு தட்டச்சாகி, கையெழுத்துக்கு முதலில் டாக்டரம்மாவிடம் வந்தது: ‘மூவர் முன்னறிவிப்பின்றி ஒத்துழைப்பை நிறுத்திக்கொண்டனர்.’

அவர் அதை அடித்துவிட்டு நிதானமாக எழுதினார்: ‘மூவரும் இறந்தது இக்குழு அனுமதியை இழுத்தடித்ததால். மீதி ஆறு பேருக்கு இன்றே மருந்து தொடங்க அனுமதிக்கப்படுகிறது.’

தாள் மேசையைச் சுற்றி வந்தது. பன்னிரண்டு பேரும் ஒரு கையால் கைப்பேசித் திரையைத் தள்ளிக்கொண்டே மறுகையால் கையெழுத்திட்டார்கள்.

செய்த கொலையை இவ்வளவு அடக்கமாக, தலைகுனிந்து, ஒருமனதாக ஒப்புக்கொண்ட குழு உலகத்தில் வேறெதுவும் இருக்க முடியாது.