ஒற்றைப் பிள்ளை வீடு

இரண்டு பேரை எங்கே ஒளித்துவைப்பது என்பதுதான் இப்போதைய பிரச்சினை.

மூன்று பேரில் ஒருவனை மட்டும் காட்ட வேண்டும். மிச்சம் இரண்டு பேரும் இந்த உலகத்திலேயே இல்லாத மாதிரி ஒரு மணி நேரம் இருக்க வேண்டும். இரண்டு வயதுப் பிள்ளைகளிடம் இதைக் கேட்பதும், கொதிக்கிற பாலிடம் பொங்காதே என்று கெஞ்சுவதும் ஒன்றுதான்.

"பீரோவுக்குள்ள விட்டா என்ன?" என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

"முதல்ல உங்களைத்தான் அதுல போட்டுப் பூட்டணும்," என்றாள் மனைவி. "ஒரே பிள்ளைதான்னு உங்களை யாரு சொல்லச் சொன்னது?"

யாரும் சொல்லச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

ஆறு நாளைக்கு முன்னால் டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "எட்டாம் மாசம். அடுத்த திங்கட்கிழமையிலேர்ந்து படுக்கையை விட்டு இறங்கக் கூடாது. வீட்ல படுக்கறீங்களா, இல்ல நானே இங்க படுக்க வைக்கவா?"

வீட்டில் படுக்க வேண்டுமென்றால் மூன்றையும் மேய்க்க ஆள் வேண்டும். ஆயாக்கள் வந்தார்கள். வந்த வேகத்தில் போனார்கள். முதல் ஆயா பால் வாங்கிவரப் போனாள், இன்னும் வாங்கிக்கொண்டிருக்கிறாள். இரண்டாவது ஆயா செருப்பை விட்டுவிட்டு ஓடினாள். கேட்டு வாங்கிக்கொள்ளக்கூடத் திரும்பவில்லை. மூன்றாவது ஆயா வாசற்படியில் நின்றபடியே மூன்று பேரையும் பார்த்தாள், அப்புறம் மனைவியின் வயிற்றைப் பார்த்தாள்.

"இதுலயும் மூணா?"

"இல்லம்மா, ஸ்கேன்ல ஒண்ணுன்னுதான் சொல்றாங்க."

"அன்னிக்கும் அப்படித்தான் சொல்லியிருப்பாங்க," என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கிப் போய்விட்டாள்.

மூன்று ஏஜென்சிகள் கண்ணாடிக்கடைக்காரரின் நம்பரைப் பார்த்தாலே போனை எடுப்பதை நிறுத்திவிட்டன. நான்காவது ஏஜென்சி அம்மாள்தான் எடுத்தார். "ஒரு பொண்ணு இருக்கா சார். கெட்டிக்காரி. ஆனா ஒத்தைப் பிள்ளை இருக்கற வீட்டுக்குத்தான் போவேன்னு ஒத்தைக் கால்ல நிக்கறா. உங்க வீட்ல..."

"ஒரே பிள்ளைதான்," என்றார் கண்ணாடிக்கடைக்காரர். இன்று ஞாயிற்றுக்கிழமை. அந்தப் பெண் பத்து மணிக்கு வருகிறாள். விடிந்தால் திங்கள்.

நல்ல வேளை, மூன்று பேரும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருப்பார்கள். அவர்களுக்கு முறையாகப் பெயர் வைத்திருந்தாலும் வீட்டில் அந்தப் பெயர்கள் செல்லுபடியாகவில்லை. முதலில் பிறந்தவன் கொடுத்ததையெல்லாம் தின்பான், தின்ற இடத்திலேயே தூங்குவான், அவன் ஆளுங்கட்சி. அடுத்தவனுக்கு எதைக் கொடுத்தாலும் எதிர்ப்பு, கூச்சல், வெளிநடப்பு, அவன் எதிர்க்கட்சி. கடைசிக்காரன் யார் பிஸ்கட் காட்டினாலும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுவான், அவன் சுயேச்சை.

மூவருக்கும் ஒரே பச்சைச் சட்டை, ஒரே நீல டவுசர் மாட்டியாயிற்று. ஆளுங்கட்சியைக் கூடத்துப் பாயில் உட்காரவைத்தார்கள். மற்ற இருவரையும் ஒரு டப்பா பிஸ்கட்டோடு படுக்கையறையில் விட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

"என் வயித்தை எங்க ஒளிக்கறது?" என்றாள் மனைவி.

அதை எந்தக் கதவுக்குப் பின்னாலும் சாத்த முடியாது. கண்ணாடிக்கடைக்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். துவைத்த துணிக்கூடை கண்ணில் பட்டது. அதை எடுத்து அவள் கையில் கொடுத்தார். கூடை வயிற்றை மறைத்தது. அழைப்பு மணி அடித்தது.

வந்தவளுக்கு முப்பது வயது இருக்கலாம். உள்ளே நுழைந்ததும் நுழையாததுமாகத் தரையில் கிடந்த ஒரு பொம்மை லாரியைக் காலால் சுவரோரம் தள்ளினாள். கைதேர்ந்தவள் என்று அந்த ஒரு தள்ளலிலேயே தெரிந்துவிட்டது.

"குழந்தை எங்க சார்?"

"இதோ. இவன்தான். இவன் மட்டும்தான். வேற யாரும் இல்ல."

மனைவி முறைத்தாள். வந்தவள் ஆளுங்கட்சியைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். அவனும் பிறந்ததிலிருந்து அங்கேயே இருந்தவன் மாதிரி ஒட்டிக்கொண்டான்.

"தங்கமான பிள்ளைம்மா. நீங்க ஏன் நின்னுட்டே இருக்கீங்க? கூடையைக் கீழ வைங்க, பாரமா இருக்குமே."

"பரவாயில்ல, பழகிடுச்சு."

வந்தவள் கூடையை எட்டிப் பார்த்தாள். "ஒரே மாதிரி டவுசரா ஒம்போது இருக்கு!"

"அவனுக்கு இந்த டிசைன்தான் பிடிக்கும்," என்றார் கண்ணாடிக்கடைக்காரர். "மாத்தினா அழுவான்."

சாப்பாட்டுப் பரீட்சை தொடங்கியது. வாழைப்பழத்தைப் பிசைந்து ஊட்டினாள். ஆளுங்கட்சி கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு, வழக்கப்படி பாயிலேயே சரிந்தான். அவள் கிண்ணத்தைக் கழுவச் சமையலறைக்குப் போனாள்.

அந்த நேரம் பார்த்துப் படுக்கையறைக் கதவு திறந்தது. பொம்மைப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் ஏறினால் கதவின் கைப்பிடி எட்டும் என்பதைச் சுயேச்சை போன வாரமே கண்டுபிடித்திருந்தான். வாழைப்பழ வாசனையைப் பிடித்துக்கொண்டு நேராக வந்தான். கண்ணாடிக்கடைக்காரர் பதறிப்போய், தூங்கிக்கொண்டிருந்தவனை அள்ளி மேசைக்கு அடியில் தள்ளி, மேசைவிரிப்பை இழுத்துவிட்டார்.

வந்தவள் திரும்பி வந்தாள். "தூங்கினான்னு பாத்தேன், அதுக்குள்ள எழுந்து வாயைத் திறந்துட்டு நிக்கறானே!"

"கோழித்தூக்கம்," என்றாள் மனைவி, கூடைக்குப் பின்னாலிருந்து.

இரண்டாவது பழமும் உள்ளே போயிற்று. வந்தவள் கையைத் துடைக்கத் திரும்பியபோது சுயேச்சை நழுவினான். அந்த இடத்துக்கு எதிர்க்கட்சி வந்து சேர்ந்தான். மிச்சமிருந்த ஒரு வாயை அவள் ஊட்ட, அவன் அதை அவள் முகத்திலேயே துப்பிவிட்டு வெளிநடப்புச் செய்தான்.

"ரெண்டு கிண்ணம் தின்னா குமட்டத்தானே செய்யும்," என்று அவளே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டாள். கண்ணாடிக்கடைக்காரருக்கு அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

கும்பிட நேரமில்லை. நடையில் ஒரு பச்சைச் சட்டை வலமாக ஓடியது. இன்னொரு பச்சைச் சட்டை இடமாக ஓடியது. இரண்டும் நடுவில் மோதிக்கொண்டு உட்கார்ந்தன.

"சார்! ரெண்டு பிள்ளை!"

மனைவியின் முகம் வெளுத்தது. கண்ணாடிக்கடைக்காரரின் முகம் மட்டும் மாறவில்லை. பதினோரு வருடம் மூக்குக்கண்ணாடிக் கடையில் நின்ற பழக்கத்தில் ஒரு நிதானமான குரல் அவர் தொண்டையிலிருந்து புறப்பட்டது.

"எத்தனை நாளாம்மா இப்படி?"

"எப்படி?"

"ஒண்ணு ரெண்டாத் தெரியறது."

வந்தவள் கண்ணைக் கசக்கினாள். அவர் அவளை நாற்காலியில் உட்காரவைத்து, முகத்துக்கு நேரே ஒரு விரலை நீட்டினார்.

"இது எத்தனை?"

"ஒண்ணு."

"பாத்தீங்களா? கிட்டத்துல நல்லாத் தெரியுது. தூரத்துலதான் கோளாறு. நிறைய பேருக்கு இருக்கும், பயப்படாதீங்க."

"அடப்பாவி மனுஷா," என்றது துணிக்கூடை, மெதுவாக.

வந்தவள் எழுந்து பையைத் தோளில் மாட்டினாள். "அப்போ இந்த வேலை எனக்குச் சரிப்படாது சார். ஒண்ணு ரெண்டாத் தெரிஞ்சா, இல்லாத பிள்ளையைப் பிடிக்கப் போய் இருக்கற பிள்ளையைக் கீழ போட்டுட்டேன்னா? பெத்தவங்களுக்கு யாரு பதில் சொல்றது?"

இது ஒரு கோணத்தில் மிக நியாயமான கேள்வி. கண்ணாடிக்கடைக்காரருக்கு வியர்த்தது. மனைவியின் கால் வீக்கத்தைப் பார்த்தார். காலையிலிருந்து அவள் நின்றுகொண்டே இருக்கிறாள். டாக்டரம்மாவின் குரல் காதில் கேட்டது.

"ஒரு நிமிஷம்! இதுக்கெல்லாமா வேலையை விடுவாங்க? இதைச் சரி பண்றதுதானே என் தொழிலே!"

உள்ளே ஓடினார். கடைப் பையைத் துழாவி, கைக்கு அகப்பட்ட மூக்குக்கண்ணாடியோடு திரும்பி வந்தார். அதை அவளுக்கு மாட்டிவிட்டு, காதோரம் சரிசெய்து, இரண்டடி பின்னால் போய்ப் பெருமையாக நின்றார்.

"இப்போ பாருங்க. எத்தனை பிள்ளை?"

அவள் அவருக்குப் பின்னால் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள்.

"மூணு சார்."

கண்ணாடிக்கடைக்காரர் திரும்பினார். பிறந்து இரண்டு வருடத்தில் முதல்முறையாக மூன்று பேரும் வரிசையாக நின்றார்கள். ஆளுங்கட்சி மேசைவிரிப்பைப் போர்த்தியிருந்தான். எதிர்க்கட்சியின் தலையில் பிஸ்கட் டப்பா கவிழ்ந்திருந்தது. சுயேச்சைக்கு டவுசர் இல்லை; எங்கே விட்டான் என்பது அவனுக்கே வெளிச்சம்.

மனைவியின் கையிலிருந்து கூடை விழுந்தது.

"ஐயோ சார், அம்மா வயிறு..."

"பிளஸ் பவர்ம்மா! எதையும் பெருசாக் காட்டும்!" என்று கத்தினார் அவர். "கண்ணுக்கு ஆகாது, உடனே மூடுங்க! பத்து எண்ணிட்டுத் திறங்க!"

அவள் சொன்னபடி கண்ணை மூடினாள். "ஒண்ணு... ரெண்டு..."

அவர் இடது அக்குளில் ஒன்று, வலது அக்குளில் ஒன்று என்று அள்ளிக்கொண்டு படுக்கையறைக்கு ஓடினார். டப்பா உருண்டது. எதிர்க்கட்சி காதைக் கடித்தான். வலியை விழுங்கிக்கொண்டு இரண்டு பேரையும் உள்ளே தள்ளித் தாழ்ப்பாள் போட்டு, கைப்பிடியில் தன் பெல்ட்டையும் இறுக்கிக் கட்டினார். திரும்பி ஓடிவந்தார். இறைந்து கிடந்த துணிகளை வாரிக் கூடையில் போட்டார்.

"எட்டு... எட்டரை... எட்டே முக்கால்..."

கூடை மனைவியின் கைக்குப் போயிற்று.

"...ஒம்போது... பத்து. திறக்கலாமா சார்?"

"கண்ணாடியைக் கழட்டிட்டுத் திறங்க."

திறந்தாள். எதிரே ஆளுங்கட்சி மட்டும் மேசைவிரிப்போடு நின்றான்.

"ஒண்ணுதான் சார்!"

"அப்போ கோளாறு இந்தக் கண்ணாடியிலதான். உங்க கண்ணு தங்கமான கண்ணும்மா, ஆயுசுக்கும் கண்ணாடியே வேண்டாம்," என்றார் அவர். பதினோரு வருடத் தொழிலில் யாரிடமும் சொல்லாத வார்த்தை அது.

படுக்கையறைக் கதவு தடதடவென்று அதிர்ந்தது.

"அது என்ன சத்தம் சார்?"

"பக்கத்து வீடு."

"ரெண்டு பிள்ளை சேர்ந்து அழுவற மாதிரி இருக்கே?"

"எதிரொலி," என்றாள் மனைவி. இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியதில் அவளுக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

வந்தவள் தலையாட்டினாள். எதைச் சொன்னாலும் நம்புகிற இப்படியொரு வெள்ளை மனசுக்காரியை ஏமாற்றுகிறோமே என்று கண்ணாடிக்கடைக்காரருக்கு நெஞ்சு உறுத்தியது. மனைவிக்கும் உறுத்தியிருக்க வேண்டும். அருகில் வந்து அவர் காதோடு சொன்னாள். "பாவம்ங்க. உண்மையைச் சொல்லிடலாமா?"

"ஒரு வாரம் போகட்டும்டி. பிள்ளைங்கமேல பாசம் வந்துடும். பாசம் வந்துட்டா கணக்குப் பாக்க மாட்டா."

"வயித்தை?"

"அது தானா வெளிய வந்துடும்."

வந்தவள் ஆளுங்கட்சியின் முகத்தைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள். "எனக்குப் பிடிச்சிருக்கு சார். நாளைக்குக் காலையில ஏழு மணிக்கெல்லாம் வந்துடறேன். அம்மா நிம்மதியாப் படுக்கட்டும், பாத்தாலே அசதியாத் தெரியறாங்க. ராத்திரி சாப்பாடு ஊட்டிட்டுத்தான் போவேன்."

மனைவியின் கண்ணில் தண்ணீர் முட்டியது. இனிமேல் ஆஸ்பத்திரிப் படுக்கை வேண்டாம். அவள் தன் வீட்டில், தன் கட்டிலில், தன் பிள்ளைகளின் கூச்சல் கேட்கிற தூரத்தில் படுத்திருப்பாள்.

வாசல்வரை போனவள் தயங்கி நின்றாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் சார். தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கும் ஒரு பிள்ளை இருக்கு. வீட்ல பாத்துக்க ஆள் இல்ல. கூடவே கூட்டிட்டு வந்தா ஒரு ஓரமா உக்காந்திருக்கும். அதனாலதான் ஒத்தைப் பிள்ளை வீடாத் தேடினேன்."

"இதைக் கேக்கவா இவ்வளவு தயக்கம்?" கண்ணாடிக்கடைக்காரருக்குப் பாவத்தைக் கழுவ ஒரு வழி கிடைத்த சந்தோஷம். "தாராளமாக் கூட்டிட்டு வாங்க! நம்ம பிள்ளைக்கும் துணையாச்சு."

"தினமும் வரலாமா?"

"தினமும் வரலாம். இது உங்க வீடு மாதிரி. நான் வாக்குக் குடுத்தா குடுத்ததுதான்."

"உங்க மனசு யாருக்கு வரும் சார்!" என்று அவள் மனைவியின் பக்கம் திரும்பினாள். "அம்மாவும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"கூட்டிட்டு வாம்மா. ஒரு பிள்ளையால என்ன குறைஞ்சுடப் போகுது?"

அவள் முகம் மலர்ந்தது. அந்த நேரத்தில் லிஃப்ட் கதவு திறந்தது. கீழ்வாசல் வாட்ச்மேன் வந்தார். தலையில் தொப்பி இல்லை, சட்டையில் இரண்டு பொத்தான் இல்லை, கழுத்தில் கிடக்க வேண்டிய விசில் இல்லை. கண்ணாடிக்கடைக்காரரை அவர் கவனிக்கவேயில்லை.

"ஏம்மா, பத்து நிமிஷத்துல வந்துடறேன்னு சொல்லிட்டுத்தானே மேல வந்தே? ரெண்டு என் நாற்காலியில தூங்குது, ஒண்ணு கேட்டு மேல ஏறி உக்காந்துட்டு விசில் அடிக்குது, அந்த நாலாவது எங்க போச்சுன்னே தெரியலம்மா!"