சகலை வந்தால் அதிரும்

"அண்ணே, இது இன்னா வெலண்ணே? நானும் ஒண்ணு வெச்சிக்கலாமான்னு பாக்குறேன்" என்று குணாளன் கேட்ட மாத்திரத்தில்தான் முனிகிருஷ்ணனின் நெஞ்சுக்குள் அது முதல் தடவையாக அதிர்ந்தது.

கிர்ர் என்று ஒரு சின்ன அதிர்வு. இடது தோளுக்குக் கீழே, தையல் போட்ட இடத்துக்குப் பக்கத்தில். முனிகிருஷ்ணன் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"இன்னாங்க?" என்றாள் மனைவி துர்காதேவி.

"அடிச்சிடுச்சி."

"இன்னா அடிச்சிடுச்சி?"

"மெஷினு."

முனிகிருஷ்ணன் காக்களூர் எஸ்டேட்டில் போல்ட்டும் நட்டும் செய்கிற கம்பெனியில் ஷிப்ட் ஃபோர்மேன். போன வருஷம் நெஞ்சு வலித்தபோது வாயு என்று தானே முடிவு செய்து, மூன்று கோலி சோடாவைக் குடித்துவிட்டு ஷிப்ட் முடியும்வரை நின்றவர். சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில்தான் பிழைத்தார். இந்தக் கருவியைப் பற்றிச் சொன்னதும் அந்த ஆஸ்பத்திரி டாக்டர்தான். தீப்பெட்டி அளவு இருக்கும். தோலுக்கடியில் வைத்து, ஒரு ஒயரை இதயத்துக்குள் விடுவார்கள். மாரடைப்பு வரப்போகிறது என்றால், வலி தெரிவதற்கு முன்பே நெஞ்சுக்குள் அதிர்ந்து எச்சரிக்கும். புதிதாகப் பரிசோதித்துப் பார்க்கிறார்கள் என்பதால் செலவு கிடையாது.

முனிகிருஷ்ணன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "எங்க திருவள்ளூர் மாவட்டத்துல வேற யாருக்குனா வெச்சிகீறீங்களா சார்?"

"இல்லை. நீங்கதான் முதல் ஆள்."

அதற்கப்புறம் டாக்டர் கால் மணி நேரம் விளக்கியது எதுவும் அவர் காதில் விழவில்லை. குணாளனின் முகம் எப்படிப் போகும் என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குணாளன் அவருடைய சகலை. துர்காதேவியின் தங்கை சந்திரகலாவைக் கட்டியவன். கல்யாணத்தின்போது எளாவூர் செக்போஸ்ட் வழியாகப் போய்வருகிற லாரி ஒன்றில் கிளீனர். இந்த 2009-இல் கும்மிடிப்பூண்டியில் நான்கு லாரிகளுக்கு முதலாளி. முனிகிருஷ்ணன் மிக்சி வாங்கிய மாதம் அவன் கிரைண்டரும் சேர்த்து வாங்கினான். இவர் ஸ்கூட்டர் வாங்கினால் அவன் காருக்கு விலை கேட்டான். அவன் வேண்டுமென்று செய்யவில்லை. அதுதான் இவருக்குப் பொறுக்கவில்லை. பொறாமைதான், அதற்கு வேறு பெயர் வைக்க வழியில்லை. பெண்டாட்டியிடம்கூடச் சொல்லிக்கொள்ள முடியாத பொறாமை.

இருபது வருஷத்தில், தன்னிடம் இருக்கிற, அவனிடம் இல்லாத முதல் பொருள் இதுதான். ஆஸ்பத்திரியில் கொடுத்த வழவழப்பான அட்டையை எடுத்துக்கொண்டு முனிகிருஷ்ணன் நேராக சாமி படத்துக்குச் சட்டம் போடுகிற கடைக்குப் போனார்.

"ரெண்டு பக்கமும் எழுத்து கீதே சார். எந்தப் பக்கம் தெரியணும்?" என்று கேட்டார் கடைக்காரர்.

"படம் கீற பக்கம்."

இதயப் படமும், 'அதிர்ந்தால் உடனே மருத்துவமனைக்கு வரவும்' என்ற சிவப்பு எழுத்துமாக அது கூடத்துச் சுவரில் முருகனுக்குப் பக்கத்தில் தொங்கியது. அதைப் பார்க்க வந்த குணாளன்தான் இப்போது விலை கேட்கிறான்.

உடனே ஆட்டோ வைத்துப் பக்கத்திலிருந்த நர்சிங் ஹோமுக்கு ஓடினார்கள். ஈசிஜி எடுத்தார்கள். இளம் டாக்டர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நார்மலா இருக்கு."

"எங்க மெஷினு முன்கூட்டியே சொல்லும் டாக்டர். உங்க மெஷினுக்கு அது இன்னும் தெரிஞ்சிருக்காது" என்றார் முனிகிருஷ்ணன்.

டாக்டர் இரண்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார். சென்னைக்குப் போன் போடலாம் என்றாள் துர்காதேவி. முனிகிருஷ்ணன் ஒப்புக்கொள்ளவில்லை. கருவி தொல்லை கொடுக்கிறது என்று சொன்னால் கழற்றிவிடுவார்கள். கழற்றினால் சகலைக்கும் தனக்கும் வித்தியாசமே இல்லாமல் போய்விடும்.

"மூணாம் மாசம் செக்கப்புக்கு வரச் சொல்லிகீறாங்க. அப்ப சொல்லிக்கலாம்."

அடுத்த வாரம் குணாளன் கார் வாங்கிவிட்டான் என்று சந்திரகலா போனில் சொன்னாள். கிர்ர். அவர்கள் பையனுக்கு இன்ஜினீயரிங் சீட் கிடைத்தது. கிர்ர். அவர்கள் போட்ட போரில் தண்ணீர் கல்கண்டாக இனிக்கிறதாம். இந்தத் தடவை முனிகிருஷ்ணன் உட்கார்ந்தே விட்டார்.

துர்காதேவிக்குக் கணக்கு புரிந்தது. "ஏங்க, குணாளன் தம்பி பேச்ச எடுத்தாவே அடிக்குது பாத்தீங்களா?"

முனிகிருஷ்ணனுக்கு வியர்த்தது. உண்மை வெளியே வரப் பார்க்கிறது. "அது ஒண்ணுமில்ல துர்கா. அவன் மேல எனக்கு அவ்ளோ பாசம். நல்ல சேதின்னா நெஞ்சு தாங்க மாட்டேங்குது."

துர்காதேவியின் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கே தங்கைக்குப் போன் செய்தாள். "மாமாவுக்கு உங்க மேல உசுருடி. இனிமே நல்ல சேதி எதுவும் சொல்லாத."

நான்கு நாள் அந்த வீட்டில் குணாளன் பேச்சே எழவில்லை. ஐந்தாம் நாள் நாஷ்டாவின்போது முனிகிருஷ்ணன் பாதி இட்லியில் நிமிர்ந்தார்.

"இன்னா உன் தங்கச்சி போனே பண்ணல?"

"சும்மாதான்."

"சும்மாவா? நாலு நாளா சொல்லாம வெச்சிகினு கீறீங்கன்னா எதோ பெருசா நடந்துகீது." கிர்ர்.

சொன்னாலும் அதிர்கிறது, சொல்லாவிட்டாலும் அதிர்கிறது. துர்காதேவி யோசித்து வேறு வழி கண்டுபிடித்தாள். அன்று சாயங்காலமே குணாளன் போன் செய்தான்.

"அண்ணே, ரொம்ப பேஜாரா கீதுண்ணே. எளாவூர்ல லாரிய ரெண்டு நாளா நிறுத்தி வெச்சிட்டாங்க. லோடு தக்காளி."

"அடப்பாவமே. தக்காளியா?" என்றார் முனிகிருஷ்ணன். நெஞ்சு அமைதியாக இருந்தது. அன்றைக்கு அவர் இரண்டு சப்பாத்தி அதிகமாகச் சாப்பிட்டார்.

மறுநாள் டயர் வெடித்தது. அதற்கு மறுநாள் டிரைவர் ஓடிப்போனான். குணாளன் நல்லவன். அண்ணன் உயிருக்காகத் தினமும் ஒரு நஷ்டத்தை யோசித்து வைத்துச் சொன்னான். முனிகிருஷ்ணன் ஏழு மணிக்கே போன் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டார். முகத்தில் ஒரு பளபளப்பு வந்துவிட்டது. ஃபேக்டரியில் லேத் ஓட்டுகிறவர்களிடமெல்லாம், "பாவம், எங்க சகலை" என்று தொடங்கி முழுதாகச் சொல்லி முடித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் பள்ளிப்பட்டுக்கே போய் மாமனாரிடமும் சொல்லிவிட்டு வந்தார்.

அங்கேதான் தப்பு நடந்தது. மூன்றாம் நாள் மாமனாரே போன் செய்தார்.

"நீ சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லப்பா. சின்ன மாப்பிள்ளை இப்படி நொடிஞ்சி போனப்புறம் நான் தோப்ப வெச்சிகினு இன்னா பண்ணப் போறேன்? மாந்தோப்ப அவர் பேருக்கே எழுதிடலாம்னு கீறேன். நீ ஒண்ணும் தப்பா எடுத்துக்க மாட்டியே?"

கிர்ர் இல்லை. கிர்ர்ர்ர்ர். துர்காதேவி சர்க்கரைத் தண்ணீர் கலக்கிக் கொடுத்தாள்.

"எங்க நைனா தோப்ப தம்பிக்கு குடுக்குறாருன்னு கேட்டு இவ்ளோ சந்தோஷமாங்க உங்களுக்கு?" என்று அழுதாள். முனிகிருஷ்ணனும் அழுதார், வேறு காரணத்துக்காக.

இதற்கு நடுவில் குணாளனுக்கு வேறொரு சங்கடம். கும்மிடிப்பூண்டியில் அவன் சொந்த வீடு கட்டிக்கொண்டிருந்தான். கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தாயிற்று. அண்ணனைக் கூப்பிட்டால் அண்ணன் பிழைக்க மாட்டார். கூப்பிடாவிட்டால் மனசு கேட்கவில்லை. கடைசியில் துர்காதேவியிடம் கேட்டுவிட்டு இப்படிச் சொன்னான்.

"அண்ணே, வாடக ஊட்டையும் காலி பண்ணச் சொல்லிட்டாங்கண்ணே. வெள்ளிக்கிழம சாமான்லாம் எடுக்கணும்."

முனிகிருஷ்ணன் அன்று ஆழ்ந்து தூங்கினார். வெள்ளிக்கிழமை காலை துர்காதேவி திருத்தணிக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் பட்டுப்புடவையில் கிளம்பினாள். தனியாக உட்கார்ந்திருந்த முனிகிருஷ்ணனுக்குள் ஒரு பெருந்தன்மை ஊறியது. சகலை நடுத்தெருவில் நிற்கும்போது ஒரு பெரியவன் செய்ய வேண்டியது என்ன? லீவு போட்டார். பத்து கிலோ அரிசி, பழைய மண்ணெண்ணெய் ஸ்டவ், இரண்டு அலுமினியக் குண்டான், ஒரு போர்வை. எல்லாவற்றையும் சாக்கில் கட்டிக்கொண்டு இரண்டு பஸ் மாறிக் கும்மிடிப்பூண்டியில் இறங்கினார். இவ்வளவு சுமையை அவர் இவ்வளவு சந்தோஷமாகத் தூக்கியதே இல்லை.

பழைய வீடு பூட்டியிருந்தது. டீக்கடையில் விசாரித்தார்.

"குணாளன் முதலாளியா? அதோ, வாழமரம் கட்டிகீது பாருங்க, மாடி ஊடு."

முனிகிருஷ்ணன் பார்த்தார். இரண்டு மாடி. ரோஸ் கலர் பெயின்ட். வாசலில் மாலை போட்ட கார். நாதஸ்வரம். வாசற்படியில் பட்டுப்புடவையோடு பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தவள் துர்காதேவி.

அவள் கையிலிருந்த பன்னீர்ச் செம்பு நழுவியது. "ஏங்க..."

முனிகிருஷ்ணன் சாக்கோடு உட்கார்ந்தார். பிறகு சாய்ந்தார். ஸ்டவ் உருண்டு போய்க் கோலத்தின் நடுவில் நின்றது.

"அடிக்குது, உடாம அடிக்குது" என்பது மட்டும்தான் அவர் சொன்னது.

மாலையைக்கூடக் கழற்றாமல் அந்தக் காரிலேயே அவரைச் சென்னைக்குக் கொண்டுபோனார்கள். குணாளன் ஓட்டினான். கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓட்டினான்.

"அந்த ஊட்ல நான் குடி போவ மாட்டேண்ணே. வித்துடறேன். நைனா குடுக்குற தோப்பும் வாணாம். எனக்கு நீங்கதாண்ணே முக்கியம்."

முனிகிருஷ்ணனுக்கு வெட்கமாக இருந்தது. இருபது வருஷத்தில் முதல் தடவையாக, இவன் நல்ல பையன்தான் என்று நினைத்தார். அப்போது பின்சீட்டுக்கு ஏசி காற்று தனியாக வருவது தெரிந்தது. கிர்ர்.

ஆஸ்பத்திரியில் கருவிகளைப் பார்த்துக்கொள்கிற நர்ஸ் ஆரோக்கியமேரி லேப்டாப்போடு வந்தாள். ஒயரில் கோத்த ஒரு வட்டக் கருவியை அவர் நெஞ்சின் மேல் வைத்து, திரையில் ஓடுகிற கோடுகளைப் பார்த்தாள். துர்காதேவி, குணாளன், சந்திரகலா மூவரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள்.

"ரெக்கார்டுல எல்லாம் நல்லாத்தான் இருக்கு. உங்களுக்கு அடுத்த வாரம்தானே வரச் சொல்லியிருந்தோம்?"

"நல்லா எப்படிம்மா இருக்கும்?" என்றாள் துர்காதேவி. "மூணு மாசமா இது அடிச்சிகினே கீது. தம்பி கார் வாங்குனப்ப அடிச்சிது, புள்ளைக்கு சீட்டு கெடச்சப்ப அடிச்சிது. நைனா தோப்பு குடுக்குறேன்னப்ப அடிச்ச அடி இன்னா, இன்னிக்கி ஊட்டப் பாத்ததும் அடிச்ச அடி இன்னா."

"அவருக்கு எம் மேல அவ்ளோ பாசம் சிஸ்டர்" என்றான் குணாளன். "எனக்கு ஒரு நல்லதுன்னா அவரு நெஞ்சு தாங்காது. அத மெஷினு கரெக்டா சொல்லிடுது."

முனிகிருஷ்ணன் கண்ணை மூடியபடியே பெருந்தன்மையாக ஒரு புன்னகை செய்தார்.

ஆரோக்கியமேரி லேப்டாப்பிலிருந்து நிமிர்ந்து, அவரையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மெஷினா அதிர்ந்துச்சு? முதல் மூணு மாசம் அது உங்க நெஞ்சு எப்படி அடிக்குதுன்னு பார்த்துப் பதிவு பண்ணிக்க மட்டும்தான் செய்யும்னு அட்டைக்குப் பின்பக்கம் போட்டிருக்கே சார், அதிர்ற சுவிட்சை நான் இன்னும் ஆன் பண்ணவே இல்லையே."