ஹலோ டெய்லர் படித்த போன் சாஸ்திரம்

இணையத்தில் குரல் எப்படிப் பயணம் செய்கிறது என்பதை, அதைக் கண்டுபிடித்தவர்களுக்கே வகுப்பெடுக்கும் அளவுக்குத் தெரிந்து வைத்திருந்த ஒரே மனிதர் எங்கள் ஹலோ டெய்லர்தான். அவரிடம் இருந்ததோ பொத்தான் போன். அதில் இணையம் வராது. அழைப்பும் அதிகம் வராது.

வண்டிப்பெரியாறுக்கு மேலே, எங்கள் எஸ்டேட்டின் வரிசை வீடுகளான லயங்களுக்குப் போகும் பாதை வளைவில் அவருடைய தையல் கடை. லயத்து வீடுகளில் ரேஞ்ச் கிடையாது. அந்த வளைவில் மட்டும் கிடைக்கும். அதனால் வெளிநாட்டில் ஆள் இருக்கும் வீடுகள் எல்லாம் சாயங்காலமானால் அவர் கடையில்தான் நிற்கும். தேயிலைக் கொழுந்து எடுக்கும்போது இந்தச் சரிவிலிருந்து அந்தச் சரிவுக்குக் கூப்பிட்டே பழகிய தொண்டைகள் எங்களுடையவை. எதிர்ச் சரிவுக்கே இவ்வளவு சத்தம் வேண்டுமென்றால் துபாய்க்கு எவ்வளவு வேண்டும் என்று அவரவரே கணக்குப் போட்டுக் கத்துவார்கள்.

அப்படிக் கேட்ட ஒரு 'ஹலோ'வில் திடுக்கிட்டு, டெய்லர் மிஷின் ஊசியை விரலில் ஏற்றிக்கொண்டார். கட்டு அவிழ்ப்பதற்குள் மலையிறங்கிக் கம்பம் டவுனுக்குப் போய், பழைய புத்தகக் கடையில் இணையக் குரல் அழைப்பைப் பற்றி இரண்டு தடித்த ஆங்கிலப் புத்தகங்களை வாங்கி வந்துவிட்டார். இவ்வளவு கத்த வேண்டுமா என்று தெரிந்தாக வேண்டும் அவருக்கு.

ஆங்கிலம் வாசிக்க நான் அகப்பட்டேன். நான் படித்தது தாவரவியல் என்று சொல்லிப் பார்த்தேன்.

"நீ வாசி தங்கச்சி, புரிஞ்சுக்கிற வேலைய நான் பாத்துக்கிறேன்."

மறுத்தால் மரியாதையாக இருக்காதே என்று ஒரு பயம். தப்பாக வாசித்து அவரைக் கெடுத்துவிடுவேனோ என்று இன்னொரு பயம். இரண்டையும் குழந்தையோடு சேர்த்து இடுப்பில் சுமந்தபடி தினமும் கொஞ்சம் வாசித்தேன்.

முதல் பாடம்: குரல் முழுதாகப் போகாது. சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, எண் போட்டு, கிடைத்த வழியிலெல்லாம் அனுப்பி, போய்ச் சேரும் இடத்தில் ஒட்டுவார்கள்.

"அட, நம்ம தொழிலுதான!" என்று துள்ளினார் டெய்லர்.

துள்ளியதோடு விட்டிருந்தால் எஸ்தர் அக்கா தப்பித்திருப்பார். மாதா கோயில் திருவிழாவுக்காக அவர் கொடுத்திருந்த ரவிக்கைத் துணியை வெட்டி, துண்டுகளில் சாக்பீஸால் எண் எழுதி, ஒன்றை ஜீப்பிலும் ஒன்றைப் பால்காரரிடமும் மற்றதைப் போகிற வருகிறவர்களிடமும் கொடுத்து, மேல் லயத்தில் தையல் மிஷின் வைத்திருக்கும் தன் அக்காவுக்கு அனுப்பினார். அங்கே போய் ஒட்டவும் செய்தார். ஒரு கை மட்டும் வந்து சேரவில்லை.

"என்ன டெய்லரே, இன்னொரு கை எங்க?"

"வழியில தொலைஞ்சிருச்சுக்கா. பேச்சு ஓடிக்கிட்டு இருக்கும்போது தொலைஞ்ச துண்டுக்குக் காத்துக்கிட்டு இருக்கக் கூடாதுன்னு புத்தகத்துலயே போட்டிருக்கு."

"அப்ப அந்தப் புத்தகத்தையே மாட்டிக்கிட்டு நான் கோயிலுக்குப் போகவா?"

அடுத்த பாடம், முன்னே பின்னே வரும் துண்டுகளைப் போன் சற்று நிறுத்திவைத்து, வரிசைப்படுத்திய பிறகே ஒலிக்கும் என்பது. அதிலிருந்து டெய்லரும் எதைக் கேட்டாலும் சற்று நிறுத்திவைத்தே பதில் சொன்னார். எங்கே போக வேண்டும் என்று கேட்ட பஸ் கண்டக்டரையும் அப்படித்தான் நிறுத்திவைத்தார். டெய்லர் வரிசைப்படுத்தி முடித்துக் "குமுளி" என்றபோது, இறக்கிவிடப்பட்டு ரோட்டில் நின்றுகொண்டிருந்தார்.

நான் சிரிக்கிற நிலையில் இல்லை. என் மகன் குப்புற விழப் பழகுவதற்கு முன்பே அவன் அப்பா துபாய்க்கு ஓட்டல் வேலைக்குப் போய்விட்டார். நான் அனுப்பும் வீடியோக்களில் பையன் தன் பாஷையில் ஓயாமல் பேசுவான். நேரடியாகப் போனில் அழைத்தால் மட்டும் அந்தப் பக்கத்துக்கு ஒரு சத்தமும் கேட்காது.

"எங்கிட்ட மட்டும் பேச மாட்டேங்கிறான். என்னைய அவனுக்குத் தெரியலை" என்றார். பிறகு ஒருநாள், "வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம். கிளம்பி வாரேன்" என்றார். பாதியில் வந்தால் மறுபடி கூப்பிட மாட்டார்கள். குழந்தைக்குக் காதில் கோளாறோ, என் வளர்ப்பில் கோளாறோ என்று நான் மாற்றி மாற்றிக் கவலைப்பட்டேன்.

அந்த வாரம்தான் எதிரொலிப் பாடம் வந்தது. ஸ்பீக்கரில் போட்டுப் பேசும்போது, வருகிற குரல் மறுபடி மைக்கில் விழுந்து திரும்பிப் போய்விடாமல் இருக்க, அங்கே பேசும் நேரத்தில் இங்குள்ள சத்தத்தைப் போன் அமுக்கிவிடுவதுண்டு என்று வாசித்தேன்.

டெய்லர் மிஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார்.

"மாப்ள பேசுறப்ப ஸ்பீக்கர்லதான போடுற?"

"ஆமாண்ணே."

"அவரு மூச்சு விடாமக் கத்துறாரு?"

"ஆமா."

"அவரு மூச்சு விட்டா, 'சொல்லு சாமி, சொல்லு சாமி'ன்னு நீ பிடிச்சுக்கிற?"

நான் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினேன்.

"அப்புறம் பிள்ள எங்கிட்டுப் போயிப் பேசும்?"

ஞாயிற்றுக்கிழமை கடையிலிருந்தே அழைத்தோம். "தம்பீ! அப்பா பேசுறேன்டா! அப்பா!" என்று சரிவுக்குச் சரிவு கூப்பிடும் குரலில் அவர் தொடங்கியதும், டெய்லர் போனைப் பிடுங்கினார்.

"மாப்ள! கத்தாதீங்க! கத்துனா கேக்காது!" என்று அவரைவிட உரக்கக் கத்தி, முதல் அத்தியாயத்திலிருந்து ஆரம்பித்தார்.

"மச்சான், இப்ப கத்துறது யாரு?" என்றார் அவர்.

குழந்தை மிரண்டு என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"அண்ணே… நீங்களும்…" என்று மெல்ல இழுத்தேன்.

டெய்லர் பாதி வாக்கியத்தில் நின்றார். நூல்கண்டிலிருந்து ஒரு துண்டை அறுத்து என்னிடம் நீட்டினார். "பல்லுல கடிச்சுக்க. வாயத் திறக்கத் தோணாது." தானும் ஒரு துண்டைக் கடித்துக்கொண்டார். அந்தப் பக்கம் அவரும் அடங்கினார்.

கடையில் அப்படியொரு அமைதியை நான் கேட்டதில்லை. லைன் கட்டாகிவிட்டதோ? அவர் தப்பாக நினைத்துக்கொண்டிருப்பாரோ? 'சொல்லு சாமி' தொண்டை வரை வந்தது. நூலை இறுக்கிக் கடித்தேன்.

பையன் மெல்லத் தலையைத் தூக்கினான். கத்தாத போனை ஆச்சரியமாகப் பார்த்தான். விரலால் தொட்டான்.

"ப்பா?" என்றான், உள்ளே ஆள் இருக்கிறதா என்று கேட்பதுபோல.

நான் இதுவரை கேட்டிராத ஒரு தாழ்ந்த குரலில் என் வீட்டுக்காரர் சொன்னார்: "இருக்கேன்டா."

கிளம்பி வருகிற பேச்சை அவர் அதன்பின் எடுக்கவில்லை. அப்பாவும் மகனும் விட்டு விட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். எந்த அத்தியாயம், எந்தப் பக்கம் என்று டெய்லர் இப்போது தொடங்கப்போகிறார் என நினைத்துத் திரும்பினேன். அவர் சுவரைப் பார்த்து நின்று, ஊசியை வெளிச்சத்தில் பிடித்து மும்முரமாக நூல் கோத்துக்கொண்டிருந்தார். கோக்க வேண்டிய நூல் இன்னும் அவர் பல்லில்தான் இருந்தது. நான் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன்.